அஷ்யூர் நிர்வாகி தேர்வுக்கு வீடியோ மட்டும் போதுமா?
மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷ்யூரை நிர்வகிப்பவர்களுக்கான ஏஇசட்-104 தேர்வுக்கு வீடியோ பார்த்தே தயாராகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கஷ்டம் என்றுதான் சொல்வேன். 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. சூழலைச் சொல்லி 'இது வேலை செய்யுமா?' என்று கேட்பார்கள். கைப்பழக்கம் இல்லாமல் பதில் வராது.

பலர் சறுக்குவது நெட்வொர்க்கிங்கில். நெட்வொர்க்கின் ஒரு சிறு பகுதிதான் சப்நெட். /29 என்ற அளவுள்ள சப்நெட்டில் 8 ஐபி முகவரிகள் இருக்கின்றனவே என்று 8 மெஷின்களை வைக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சப்நெட்டிலும் அஷ்யூர் 5 முகவரிகளைத் தனக்கென எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3தான். இரண்டு நெட்வொர்க்குகளை நேரடியாக இணைக்கும் பியரிங்கிலும் இப்படித்தான் சறுக்குவார்கள். முதல் நெட்வொர்க் இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் இணைந்திருந்தாலும், முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தானாக வழி கிடைக்காது. எந்தத் தரவை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் பாதுகாப்பு விதிகளுக்கு எண் உண்டு, சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. 100-ஆம் எண் விதியில் தடுத்த அதே நெட்வொர்க் போக்குவரத்தை 200-இல் அனுமதித்துப் பயனில்லை.

இதையெல்லாம் இலவசக் கணக்கில் நீங்களே கட்டி, உடைத்துப் பாருங்கள். அப்புறம் மறக்காது. முடிந்ததும், கட்டியதையெல்லாம் ஒன்றாக வைத்திருக்கும் ரிசோர்ஸ் குரூப்பையே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலவசக் கிரெடிட் கரைந்துவிடும்!

யாருக்கு எந்த மட்டத்தில் எந்த ரோல் (அதாவது என்னென்ன அனுமதிகள்) என்பதையும் நன்றாகப் படியுங்கள். மானிட்டரிங்கை கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். சரி, சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். ஆனால் காலாவதியாகும் முன் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பிக்கலாம்.