விற்பனைக் கணக்கைக் காட்டி மகளை மருத்துவத்துக்கு அனுப்பாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் பள்ளித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டாள், தேர்ச்சியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீடியோ கேம்களுக்கு ஒலி அமைக்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். அதில் மதிப்பு உண்டு என்று காட்ட சிறந்த கேம்களுக்கு ஆண்டுதோறும் பரிசு தரும் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவின் காணொளிகளைப் போட்டுக் காட்டுகிறாள். பெரியப்பாவோ, “விருது வாங்குற கேம் வேற, காசு பார்க்குற கேம் வேற. எது வித்துச்சோ அதுக்குக் கொடுக்கத் தெரியாதவங்களை நம்பியா பொண்ண அனுப்புற?” என்று கேட்டுவிட்டு, தனியார் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. பெரியப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கேம் ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸில் எந்தப் பிரிவின் பரிந்துரையிலும் அதன் பெயர் இல்லை. அப்படி இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நன்றாக விற்ற கேமுக்குப் பரிசு கல்லாப்பெட்டியிலேயே விழுந்துவிடுகிறது. எது முதலிடம் என்று விற்பனைப் பட்டியல் வாராவாரம் சொல்கிறது. விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டினார்கள், முந்தைய பாகத்தின் பெயர் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் கலந்தே இருக்கும். நடுவர்களும் அதையே திருப்பிப் படித்தால் விருது எதற்கு? அங்கே நடுவர் குழுவுக்கு 90 விழுக்காடு, பொதுமக்கள் வாக்குக்கு 10 விழுக்காடு என்று வைத்திருப்பதும் சரிதான்.

கலையும் காசும் எப்போதும் எதிரெதிர் என்றும் நினைக்க வேண்டாம். அதே 2023இல் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’ விற்பனையிலும் சக்கைப்போடு போட்டது. அதை உருவாக்கிய லாரியன் நிறுவனத்துக்கு நம் கோலாலம்பூரிலும் ஒரு ஸ்டுடியோ உண்டு. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி விருதைப் பற்றி மகளுக்கு ஒரு வார்த்தை. விருது கௌரவம் தரும், வேலைக்கு உத்தரவாதம் தராது. ‘ஹை-ஃபை ரஷ்’ என்ற கேம் 2023இல் சிறந்த ஒலி வடிவமைப்பு விருதை வாங்கியது. அதை உருவாக்கிய டோக்கியோ ஸ்டுடியோவை மூடப்போவதாக அடுத்த மே மாதமே தாய் நிறுவனம் அறிவித்துவிட்டது. பிறகு வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது, அது வேறு கதை. ஆக, விருதையும் விற்பனையையும் இரண்டு பேருமே ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையின் காதையும் கையையும் பார்ப்போம்.

மகள் எடுத்ததென்று நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவுகளில் ஒன்றைக் கேட்டேன். தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்தது. அடிவாரத்தில் உறுமி மேளம். அவள் படியேற ஏற, ஓசை குறைவது மட்டுமில்லை, குச்சி தோலில் படும் சுள்ளென்ற சத்தம் முதலில் போய், உறுமல் மட்டும் மிஞ்சுகிறது. கோப்பின் பெயராகவே ‘தூரம் போனா மேல் சத்தம் முதல்ல போகுது’ என்று வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கவனித்திருக்கிறாள், அம்மா! கேம்களில் ஒலியமைப்பாளர் இதைத்தான் எண்களாக எழுதிவைக்கிறார்: எதிரி எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் அவன் குரலில் எது குறைய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று.

காலடிச் சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரைக்குப் பத்துப் பதிவு, மணலுக்குப் பத்து, ஈரப் பலகைக்குப் பத்து. கேமில் வரும் கதாபாத்திரம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மென்பொருள் அதில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, சுருதியையும் துளி மாற்றி ஒலிக்கவிடும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் காது சலித்துவிடும். இசையும் அப்படியே அடுக்கடுக்காக இருக்கும். ஆபத்து நெருங்கினால் தாளவாத்தியம் சேரும், விலகினால் கழன்றுகொள்ளும். இதைச் செய்ய வைஸ், எஃப்மோட் என்ற இரண்டு மென்பொருள்கள் பெருவழக்கில் உள்ளன. கற்றுக்கொள்ள இரண்டும் இலவசம். ஒலியைத் திருத்த ரீப்பர் என்ற மென்பொருள் 60 நாள் சும்மாவே கிடைக்கும், உரிமமும் விலை குறைவு.

2017இல் வந்த ‘ஹெல்பிளேட்’ கேமை ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். சுமார் 20 பேர் செய்தது. நாயகிக்கு மனநோயால் குரல்கள் கேட்கும். கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவப் பேராசிரியர் ஒருவரையும், அப்படிக் குரல்கள் கேட்டு வாழ்பவர்களையும் கலந்து, இரு காதுக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிந்தார்கள். பிடரிக்குப் பின்னால் யாரோ கிசுகிசுப்பது போலவே இருக்கும். கேம் அவார்ட்ஸ், பிரிட்டனின் பாஃப்டா இரண்டிலும் ஒலிக்கான விருது அதற்குத்தான். யார் வேலையைக் கேட்டுப் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவிக்கு அந்த விருது காட்டிக்கொடுக்கிறது. விற்பனைப் பட்டியல் காட்டாது.

நம் ஊர் ஸ்டுடியோக்கள் ஓவியர்களை எடுக்கும் அளவுக்கு ஒலிக்கு ஆள் எடுப்பதில்லை, இதை மறைக்க மாட்டேன். விளம்பரம், அனிமேஷன், குரல்பதிவு என்று பக்கவாட்டு வேலைகளையும் சேர்த்துத்தான் வயிற்றுப்பாடு நடக்கும். அதனால்தான் செலவில் கறாராக இருக்கச் சொல்கிறேன். விருதுப் படங்களை அச்சடித்துத் தரும் தனியார் ‘கேம்’ பட்டப்படிப்புக்கும் வீட்டை அடகு வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் 6 படிக்கட்டும். அப்புறம் மலாயா பல்கலைக்கழகத்திலோ தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்திலோ இசைக்கு விண்ணப்பிக்கலாம். குழுவாகச் சேர்ந்து சில நாளில் ஒரு கேம் செய்து பார்க்க ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் ஒரு குழுவோடு சேரட்டும். நிரல் எழுதவும் படம் போடவும் ஆள் இருக்கும், ஒலிக்குத்தான் தேடுவார்கள்.

மருத்துவம்? தனியாரில் பல இடங்களில் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. முடித்து வந்தாலும் 2016 டிசம்பரிலிருந்து பயிற்சி மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலையில் அந்த ஒப்பந்த முறையை எதிர்த்து அவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனம் ஒட்டும் பிள்ளைக்கு அதுவும் தாங்கும். இவள் உயிரியல் புத்தகத்தையே தொடப் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பெரியப்பா இடம்பிடிக்க முன்பணம் கட்டிவிட்டதாகக் கடைசி வரியில் சொல்கிறீர்கள். ரசீதைத் தேடி எடுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்க எந்தத் தேதிவரை அவகாசம் என்று பாருங்கள், நாளைக் காலையிலேயே கல்லூரிக்குப் போன் போடுங்கள்.