ஐரோப்பியப் போட்டிகளில் கிடைக்கும் பணத்தில் ஸ்காட்லாந்துக் கால்பந்து கிளப் அபெர்டீன் புது மைதானம் கட்டிவிட முடியுமா?

முடியாது நண்பரே, அந்தப் பணமே போதும் என்ற உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. 2018-ல் நகர கவுன்சில் அனுமதித்த கிங்ஸ்ஃபோர்டு புது மைதானத் திட்டத்துக்கே மதிப்பீடு சுமார் 5 கோடி பவுண்டு, இருக்கைகள் 20,000. ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் லீக் சுற்றுக்குள் நுழைந்தால் யுஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) தருவது 31.7 லட்சம் யூரோ, வெற்றிக்குத் தலா 4 லட்சம். ஆறே ஆட்டங்கள், சொந்த ஊரில் மூன்றுதான். நுழைவுத் தொகையை அப்படியே சேர்த்தாலும் 18 சீசனுக்கு மேல் ஆகும். பயணம், வீரர்களின் போனஸ் போக மிஞ்சுவது அதிலும் குறைவு. அதோடு ஸ்காட்லாந்தின் யுஇஎஃப்ஏ தரவரிசை சரிந்தால், 2025-ல் ஸ்காட்டிஷ் கோப்பை வென்றதும் கிடைத்த, ஒரு படி மேலான யூரோப்பா லீகின் பிளே-ஆஃப் (கடைசித் தகுதிச் சுற்று) இடம் போன்றது மறுபடி கிடைக்காது. ஐரோப்பிய ஆட்டங்களுக்காகப் புது மைதானம் வேண்டும் என்பதும் இல்லை: யுஇஎஃப்ஏவின் மிக உயர்ந்த தரமான நான்காம் தர மைதானத்துக்கே 8,000 இருக்கை போதும். கிளப்பின் இப்போதைய மைதானமான பிட்டோட்ரியில் அதைவிட இரு மடங்குக்கு மேல் உண்டு. கடன் தவணையை சீசன் டிக்கெட், விருந்தோம்பல் வருமானத்தை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பாவை அந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.