பஸ் பைத்தியமாக இருக்கும் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா?

கேள்வி: எங்களுக்கு ஊர் கரூர். மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஒரு வருடமாகத் திங்கட்கிழமை என்றாலே வயிற்றுவலி. எதிலும் கவனமில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்குதான் வாங்குகிறான். ஆனால் பஸ் என்றால் உயிர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்கும், எந்த ஊர் வழியாகப் போகும் எல்லாம் மனப்பாடம். ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறான். அன்ஸ்கூலிங் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, இவனை நிறுத்திவிட்டு வீட்டில் அவன் போக்கில் படிக்கவிடலாமா என்று தோன்றுகிறது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். மாமனாரோ, "படிப்பை நிறுத்திக் கண்டக்டராக்கப் போறியா?" என்கிறார். சட்டம் இடம் கொடுக்குமா? கணக்கு எப்படி வரும்? பத்தாம் வகுப்பு எழுத முடியுமா?

பதில்: அந்த நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதில் விடை இருக்கிறது.

தோகைமலை, குளித்தலை, அரவக்குறிச்சி, வேலாயுதம்பாளையம். நான்கு ஊர்ப் பெயரிலும் ஒரு பிழை இல்லை. சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்கு வாங்குகிற பையன் எழுதியது இது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் போர்டைப் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகள் அவன் கண்ணில் பதிந்திருக்கின்றன. அடுத்து அந்த நேர அட்டவணை. புறப்படும் நேரம், சேரும் நேரம், அதற்குப் பக்கத்தில் 'ஓடும் நேரம்' என்று அவனாகவே ஒரு கட்டம் போட்டிருக்கிறான். 7.40க்கு எடுக்கிற திருச்சி வண்டி 9.25க்குச் சேர்கிறது. அந்த வரியில் முதலில் 1.85 என்று எழுதி, அடித்துவிட்டு, 1.45 என்று திருத்தியிருக்கிறான். அதைக் கவனித்தீர்களா?

பள்ளியில் படித்தபடி 9.25இலிருந்து 7.40ஐக் கழித்தால் 1.85தான் வரும். ஆனால் ஒரு மணி எண்பத்தைந்து நிமிடம் என்று ஒன்று கிடையாது என்பது அவனுக்கே உறைத்திருக்கிறது. யாரும் சிவப்பு மையில் சுழிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. விடை சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அவனுடையது, ஏனென்றால் அது அவனுடைய பஸ். பிடித்ததின் பின்னால் போய்க் கற்பது என்று அன்ஸ்கூலிங் பக்கம் இருக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான். அது உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பள்ளியை விட்டு நிறுத்திய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லைப் பரப்பியவர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர். பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவர். ஆசிரியர் என்ன விடையை எதிர்பார்க்கிறார் என்று ஊகிப்பதிலேயே பிள்ளைகளின் மூளை செலவாகிவிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். முதலில் பள்ளிகளைத் திருத்தலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை தளர்ந்தபின், 1977இல் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்காகவே ஓர் இதழ் தொடங்கினார். பள்ளிப் பாடத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, காலை ஒன்பது மணிக்கு அம்மா டீச்சராக உட்காருவது வீட்டுக்கல்வி. அன்ஸ்கூலிங் அது இல்லை. இதில் பாடத்திட்டம் கிடையாது. பிள்ளையின் ஆர்வம் எங்கே போகிறதோ அங்கே பாடம் இருக்கும்.

சரி, இப்போது வயிற்றுவலிக்கு வருவோம், எனக்கு முதல் கவலை அதுதான். பையன் பஸ்ஸை நோக்கி ஓடுகிறானா, பள்ளியில் எதையோ விட்டு ஓடுகிறானா என்பது தெரியாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள், கரும்பலகை தெரியாததை வெளியே சொல்லத் தெரியாத பிள்ளைகள் நிறைய உண்டு. அப்புறம், இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு சும்மா பேச்சுக் கொடுங்கள். யார் பக்கத்தில் உட்காருகிறான், ரீசஸில் யாரோடு இருக்கிறான், யாராவது அடிக்கிறார்களா. ஆசிரியர் அடிப்பது சட்டப்படி குற்றம், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. காரணம் ஒரு ஆசிரியரோ ஒரு முரட்டுப் பையனோ என்றால் பள்ளியை மாற்றுவது போதும். இன்னொன்று, ஒன்பது வயதில் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறானா என்று பாருங்கள். ஊர்ப் பெயர்கள் சரியாக வந்து, புதிய பத்தியில் எழுத்துகள் குழம்பினால் கற்றல் குறைபாடு உண்டா என்று தகுந்த உளவியலாளரிடம் பரிசோதிக்க வேண்டும். 'நேரம் வரும்போது தானே வாசிப்பான்' என்று அன்ஸ்கூலிங் பெற்றோர் பலர் சொல்வார்கள். பல பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த வாக்கியம் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடும். இதில் மட்டும் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் பார்த்து, பிரச்சினை எதுவும் இல்லை, பையனுக்கு அந்த இடமே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அப்போது அடுத்த கேள்வி வருகிறது. அது அவனைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது. உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

'அவன் போக்கில் விடுவது' என்றால் விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. புதுச்சேரி பக்கம் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் சுகதா மித்ராவும் ரிது டங்வாலும் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகள். பொது இடத்தில் ஒரு கணினி, அதில் மூலக்கூறு உயிரியல் பாடம், அதுவும் ஆங்கிலத்தில். சொல்லித்தர யாரும் இல்லை. அருகிலிருந்த அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்தை ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் அளவுக்கு இவர்களும் மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு ஒரு பெரியவரைக் கூட வைத்தார்கள். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. பக்கத்தில் இருந்து ஊக்கம் கொடுப்பது மட்டும் அவர் வேலை. அதற்கப்புறம் டெல்லியின் பெரிய தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். கணினி ஒன்று இருந்தால் போதும், பள்ளியே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்வோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாடம் தெரியாத பெரியவர்தான் எனக்கு முக்கியம். அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். தையல் மெஷினை நிறுத்தாமல், "இது எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டாலே போதும். ஆனால் தினமும் கேட்க வேண்டும், பதிலைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும்.

அதோடு, அடுத்த படியை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். நீங்கள் இருப்பது கரூரில். தென்னிந்தியாவில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர். வெறும் சேஸாக, டிரைவர் சீட்டும் எஞ்சினும் மட்டுமாக ரோட்டில் வருகிற வண்டியை அவன் பார்த்திருப்பான். அது உள்ளே போய்ப் பளபளவென்று பஸ்ஸாக வெளியே வருகிறதே, நடுவில் என்ன நடக்கிறது? தெரிந்தவர் மூலமாக ஒரு பட்டறையில் அனுமதி வாங்கி அரை நாள் நிற்க வையுங்கள், வெல்டிங் நடக்கும் பக்கம் போகாமல். எத்தனை சீட், இரண்டு சீட்டுக்கு நடுவே எத்தனை அங்குலம், கூரையில் எவ்வளவு பாரம் ஏற்றலாம், ஏன் பின்பக்கம் அதிக ஆட்டம். அளவை, பரப்பளவு, எடை, விசை எல்லாம் அங்கே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் ஒரு வணக்கம் வைத்து, ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதமானால் பின்னால் வருகிற வண்டிக்கு என்ன ஆகும் என்று அவனையே கேட்க வையுங்கள். ஸ்டேஜ் கணக்கில் டிக்கெட் விலை எப்படி ஏறுகிறது என்பது ஒரு வாரத்துக்குப் போதுமான கணக்கு. காவிரியை வண்டி எங்கே கடக்கிறது என்று கேட்டால் புவியியல் வந்துவிடும்.

போனில் பஸ் ஓட்டும் விளையாட்டு இருக்குமே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று சொல்கிற அன்ஸ்கூலிங் பிரிவினர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. விளையாட்டு தானாகவே அடுத்த லெவலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பையன் எதையும் தேட வேண்டியதில்லை. அந்த நோட்டு அப்படி இல்லை, ஒவ்வொரு கட்டத்தையும் அவனேதான் போட வேண்டும். போனுக்கு நேரம் வைத்துவிடுங்கள்.

கணக்கு வருமா என்றால், 1929இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் லூயிஸ் பெனெசெட் ஒரு காரியம் செய்தார். சில வகுப்புகளில் ஐந்தாம் வகுப்பு வரை முறையான கணக்குப் பாடத்தையே எடுத்துவிட்டார். பதிலுக்குப் பேசுவது, வாசிப்பது, நீளத்தையும் நேரத்தையும் குத்துமதிப்பாகக் கணிப்பது. ஆறாம் வகுப்பில்தான் முறையான கணக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் முதலிலிருந்து கணக்குப் படித்த பிள்ளைகளை எட்டிப்பிடித்துவிட்டார்கள். நாம் பயப்படுகிற அளவுக்கு அந்த நான்கைந்து ஆண்டுகள் தீர்மானமானவை இல்லை. ஆனால் அங்கே வாசிப்பும் பேச்சும் அளவையும் தினமும் நடந்தன என்பதை மறந்துவிட வேண்டாம். அல்ஜீப்ரா பஸ்ஸிலிருந்து தானாக வந்துவிடாது. அதற்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும், தேவை புரிந்தால் உட்காருவான்.

சட்டத்தை நேராகவே சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 10ஆவது பிரிவு. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சும் அதில் இல்லை. ஆகவே பச்சைக்கொடியும் இல்லை, சிவப்புக்கொடியும் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். வேலைக்கு அனுப்புகிறீர்களோ என்ற சந்தேகத்தில்தான் கேட்பார்கள், அது நியாயமான சந்தேகம். மரியாதையாக உட்கார வைத்து, நோட்டுகளைக் காட்டிப் பேசுங்கள். நிறுத்தினால் மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு உங்களுக்குப் பெரிய தைரியம். நடுவில் நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போகலாம்.

பத்தாம் வகுப்புக்கு இரண்டு வழி. ஒன்று, என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்லப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. தமிழ்வழியும் உண்டு. ஐந்து பாடம், அதையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே முடித்தால் ஜே.இ.இ., நீட் எழுத வழி இருக்கிறது. இன்னொன்று, மாநிலத் தேர்வுத் துறையின் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்புக்கான இ.எஸ்.எல்.சி., பதினாலரை வயதில் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் ஒரு பள்ளிக்குப் போய்வர வேண்டியிருக்கும். மாநில அரசு வேலை உங்கள் மனதில் இருந்தால் இந்த இரண்டாவது வழிதான் பாதுகாப்பு. ஒன்பது வயதில் இதை முடிவு செய்யத் தேவையில்லை, பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாமனார். பீட்டர் கிரே, ஜீனா ரைலி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 232 அன்ஸ்கூலிங் குடும்பங்களிடம் எது கஷ்டம் என்று கேட்டார்கள். 2013இல் வந்த முடிவு: பெரிய கஷ்டம் பாடத்தில் இல்லை, பணத்திலும் இல்லை, சுற்றியிருப்பவர்களின் பேச்சில்தான். அமெரிக்காவிலேயே அப்படி என்றால் நம் ஊரில் கேட்கவா வேண்டும். ஆனால் உங்கள் மாமனார் கேட்பதில் பேரன் மேல் இருக்கும் பாசம் தெரிகிறது. கண்டக்டர் வேலையைக் கேவலமாக எண்ணிப் பதில் சொல்லிவிடாதீர்கள், பையன் காதில் விழும்.

என் யோசனை இதுதான். இப்போதே நிறுத்த வேண்டாம். ஆண்டுத் தேர்வு முடியட்டும். கோடை விடுமுறை முழுக்க டியூஷன், கோடைப் பயிற்சி எதுவும் போடாமல், மேலே சொன்னதையெல்லாம் செய்து பாருங்கள். முதல் பத்து நாள் "போர் அடிக்குது" என்பான், தாங்கிக்கொள்ளுங்கள். அவன் கேட்ட கேள்விகளைத் தேதி போட்டு நீங்களும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் தாத்தாவும் பேரனும் திருச்சி வண்டியில் போய்வரட்டும். ஜன்னல் சீட், பாக்கெட்டில் அவன் நோட்டு, வழியெல்லாம் தாத்தாவுக்கு அவன்தான் விளக்கம். அந்த 1.85ஐ அடித்து 1.45 ஆக்கிய பக்கத்தைத் தாத்தாவிடம் அவனே காட்டட்டும். மே கடைசியில் இரண்டு நோட்டையும் எனக்கு அனுப்புங்கள், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சேர்ந்து முடிவெடுப்போம்.