வாசகர் கேள்வி-பதில்: ஆட்டுப்பால் சோப்பு

எட்டு வயது மகனுக்குக் கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் எக்ஸிமா. ஆட்டுப்பால் சோப்பு போட்டால் போய்விடும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா?
- வாசகி, ஈசூன்

வேண்டாம். எக்ஸிமாவை எந்தச் சோப்பும் குணப்படுத்தாது. ஆட்டுப்பால் கலந்தாலும் சோப்பின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) அளவு 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோல் 5ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டது. ஏற்கெனவே வெடித்து அரிக்கும் தோலுக்கு அந்தக் காரம் கூடுதல் எரிச்சல்தான்.

இன்னொரு காரணம் பால் புரதம். வெடிப்புகளின் வழியே அது உள்ளே போனால், உடல் அதை எதிரியாக எண்ணப் பழகிவிடக்கூடும். ஆட்டுப்பால் கலந்த பொருள்களைப் பூசி வந்தவர்களுக்கு, பின்னர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாப்பிட்டபோது கடும் ஒவ்வாமை ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது.

மகனுக்கு வாசனையில்லாத, சோப்பு சேராத குளியல் திரவம் போதும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சுரைசர் தடவுங்கள். புண்ணில் நீர் கசிந்தாலோ தூக்கம் கெட்டாலோ பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் மண்டலே சாலையில் உள்ள தேசியச் சரும நிலையத்துக்கு அங்கிருந்தே அனுப்புவார்கள்.

ஆட்டுப்பாலில் உள்ள லாக்டிக் அமிலம் இறந்த செல்களை நீக்கும், வைட்டமின் ஏ சுருக்கத்தைப் போக்கும் என்கிறார்களே?
- வாசகர், தெம்பனிஸ்

எண்ணெயைச் சோப்பாக மாற்றச் சேர்க்கும் காரம்தான் காஸ்டிக் சோடா. லாக்டிக் அமிலம் அதோடு சேர்ந்ததுமே சோடியம் லாக்டேட்டாகிவிடும். அது சோப்புக் கட்டியை இறுக வைக்கும், தோலை உரிக்காது. வைட்டமின் ஏ கொஞ்சம் மிஞ்சினாலும் அரை நிமிடத்தில் நுரையோடு கழுவிப் போய்விடும்.

ஆனால் நல்ல ஆட்டுப்பால் சோப்பில் குளித்தபின் தோல் இழுக்காமல் இருப்பது உண்மை. பெரிய ஆலைகள் பலவும் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின், கையால் செய்த கட்டியில் அப்படியே தங்குகிறது. சோப்பாக மாறாத எண்ணெயும் பால் கொழுப்பும் 5 முதல் 8 விழுக்காடு வரை அதில் மீந்திருக்கும். பால் சர்க்கரையால் நுரை கூடும். வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் முதலிடத்தில் இருந்தால், வறண்ட தோல்காரர்களுக்கு அது ஏற்றதல்ல, எவ்வளவு பால் ஊற்றியிருந்தாலும் சரி.

வீட்டில் செய்தபோது பால் ஆரஞ்சு நிறமாகி அம்மோனியா வாடை அடித்தது. கட்டிகளின் மேல் வியர்த்தது போல் துளிகள். எங்கே தவறு?
- வாசகி, செங்காங்

பால் சூடாகிவிட்டது. காஸ்டிக் சோடா கரையும்போது எழும் வெப்பத்தில் பால் சர்க்கரை கருகும், புரதம் சிதைந்து வாடை வரும். வாடை சில வாரங்களில் அடங்கிவிடும்.

அடுத்த முறை இந்த அளவில் செய்யுங்கள்: ஆலிவ் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 125, ஷியா வெண்ணெய் 50, ஆமணக்கெண்ணெய் 25, காஸ்டிக் சோடா 68, ஆட்டுப்பால் 155. எல்லாமே எடையில்தான், டிஜிட்டல் தராசில். கரண்டிக் கணக்கு இங்கே ஆபத்து.

பாலைக் கட்டிகளாக உறைய வையுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஐஸ் தண்ணீரில் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் அந்தக் கட்டிகளைப் போட்டு, காஸ்டிக் சோடாவைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தூவிக் கிளறுங்கள். காரத்தின் மேல் பாலை ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கலவை 20 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆற விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் உருகியே இருக்கும், ஷியாவை மட்டும் உருக்கினால் போதும். எண்ணெய்கள் 32 டிகிரிக்கு ஆறியதும் காரப்பாலை வடிகட்டி ஊற்றி, கை பிளெண்டரால் இட்லி மாவுப் பதம் வரும்வரை அடித்து, அச்சில் ஊற்றி மூடி, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் ஈரம் படியாது.

உங்கள் கட்டிகளில் இருப்பது பெரும்பாலும் காற்றின் ஈரத்தைக் கிளிசரின் இழுத்த துளிகள். கெட்டுப்போகவில்லை. ஆனால் வெட்டிய இடத்தில் குழிக்குள் திரவம் தேங்கி, ஈரப்படுத்தித் தொட்ட பிஎச் தாள் 11ஐத் தாண்டினால் காரம் சரியாகக் கலக்கவில்லை. அதைத் தூக்கிப் போடுங்கள்.

உலர்த்த ஆறு வாரம் தேவை. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் சமையலறையும் குளியலறை ஓரமும் உதவாது. மின்விசிறி ஓடும் அறையில், பேக்கிங் தாள் விரித்து, இடைவெளி விட்டு அடுக்கி, வாரம் ஒருமுறை திருப்புங்கள். வெறும் இரும்புக் கம்பித் தட்டில் வைத்தால் எண்ணெய் சிக்குப் பிடித்து ஆரஞ்சுப் புள்ளிகள் வரும்.

தோழிகள் விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

சோப்பு இங்கே அழகுசாதனப் பொருள் வகையில் வருகிறது. விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும். உறையில் பொருள் பட்டியல் இருக்கட்டும், ஆட்டுப்பால் இருப்பது பளிச்சென்று தெரியட்டும். “எக்ஸிமா குணமாகும்” என்று எழுதக்கூடாது.