இரவு ஷிப்டால்தான் வயிற்றில் கிருமி வந்ததா?

கேள்வி: எனக்கு 36 வயது. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் நான்கு வருடமாக இரவு ஷிப்ட். வயிற்று வலிக்கு எண்டோஸ்கோபி பார்த்ததில் முன்சிறுகுடலில் புண், எச். பைலோரி கிருமி என்றார்கள். 14 நாளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரவில் கண் விழிப்பதால்தான் இது வந்ததா? அவ்வளவு அமிலத்தில் கிருமி எப்படிச் சாகாமல் இருக்கிறது? பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கமும் வருவதில்லை. உடல் கடிகாரம் என்கிறார்களே, அது உடம்பில் எங்கே இருக்கிறது? நான் உயிர்வேதியியல் படித்தவன், விவரமாகவே சொல்லலாம்.

பதில்: ஷிப்ட் உங்களுக்குக் கிருமியைக் கொடுக்கவில்லை. எச். பைலோரி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. பலருக்கு ஆயுள் முழுக்க வயிற்றில் இருந்தும் தொந்தரவு தராது. ஆனால் ஷிப்ட் வேலை செய்பவர்களிடம் வயிற்றுப் புண் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கிருமி பழையது, அது புண்ணாக மாறியதில் ஷிப்டுக்குப் பங்கு இருக்கலாம். தலைவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர், புகை பிடிக்கிறவர் என்றால் சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள்.

அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது என்பது பாடப்புத்தகப் பதில். அது பாதிப் பதில்தான். வயிற்றின் நடுப்பகுதியில் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம், 7 நடுநிலை) 1 முதல் 2 வரை. சுவரை ஒட்டிய சளிப்படலத்தின் அடியில் கிட்டத்தட்ட 7. கிருமி அந்த அடிப்பகுதிக்கு நீந்திப் போய்ச் சேர வேண்டும். அதற்கு வால் போலச் சுழலும் கசையிழைகள் இருக்கின்றன. எந்தப் பக்கம் நீந்துவது என்று தெரிய வேண்டுமே? நீந்தத் தெரிந்தும் திசை அறியும் புரதங்கள் இல்லாத கிருமிகளை ஆய்வகத்தில் உருவாக்கி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றால் வயிற்றில் சரியாகக் குடியேற முடியவில்லை.

திசை அறியும் அந்தப் புரதங்களில், அதாவது வெளியே உள்ளதை உணரும் ஏற்பிகளில், ஒன்றின் பெயர் டி.எல்.பி.-பி. அதன் படிக அமைப்பு, அதாவது படிகமாக்கிப் பார்த்த முப்பரிமாண வடிவம், 2012-இல் வெளியானது. கிருமியின் சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஐந்து பீட்டா இழைகளால் (புரதச் சங்கிலியின் நீட்டிய துண்டுகளால்) ஆன ஒரு மடிப்பு, அதன் நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஒரு யூரியா மூலக்கூறு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. யூரியா வயிற்றுச் சுவரிலிருந்து கசிவது, அதனால் அது அதிகமாகும் பக்கம்தான் சுவர் இருக்கும் பக்கம். அமிலம் ஏறினால் யூரியாவின் பிடி தளர்ந்து மடிப்பின் நிலை மாறுகிறது என்பது அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம். மாற்றம் அளவில் அற்பமானது. இ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஏற்பிகளில் இப்படிப்பட்ட நகர்வு ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ரம்தான், ஒரு அணுவின் அளவு. அது நீண்ட சுருள்கள் வழியே சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கி, கீ-ஏ என்ற நொதியின் வேகத்தை மாற்றுகிறது. கீ-ஏ பாஸ்பேட்டைக் கீ-ஒய் புரதத்துக்குக் கொடுக்க, அது போய்க் கசையிழையின் மோட்டாரில் ஒட்ட, மோட்டார் சுழலும் திசை மாறுகிறது. மூளை, நரம்பு எதுவும் இல்லாமல் ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது!

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். படித்தவர் என்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும். அந்த ஐந்து இழை மடிப்பு பாஸ் என்ற வகை மடிப்பை ஒத்தது. பாஸ் மடிப்பை முதலில் அடையாளம் கண்டது கிருமியில் அல்ல. பழ ஈயின் உடல் கடிகாரப் புரதமான பெர் உள்ளிட்ட சில புரதங்களில்தான். இ. கோலை ஆக்சிஜன் இருக்கும் பக்கம் நகர உதவும் ஏர் என்ற ஏற்பியிலும் அசல் பாஸ் மடிப்பே இருக்கிறது. டி.எல்.பி.-பி-யில் உள்ளது அதன் உறவா, தற்செயலாக அமைந்த ஒற்றுமையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. சிலர் அதைத் தனி வகையாகவே பிரித்துவிட்டார்கள்.

உங்கள் கடிகாரம் உடம்பின் கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் இருக்கிறது, வயிற்றுச் செல்களிலும்தான். கிளாக், பிமால்1 என்று இரண்டு புரதங்கள். அவற்றின் பாஸ் மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி ஜோடி சேர்கின்றன. ஜோடி டி.என்.ஏ.வில் உட்கார்ந்து பெர், கிரை புரதங்களுக்கான மரபணுக்களை இயக்குகிறது. அவை மணிக்கணக்கில் சேர்ந்து, உட்கருவுக்குத் திரும்பி வந்து அதே ஜோடியின் மேல் ஒட்டி அதை நிறுத்துகின்றன. அப்புறம் பெர் சிதைகிறது, ஜோடி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பழ ஈயில் இந்தச் சுற்றைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பெர் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் சாயங்காலம் ஏழரை மணிக்கே தூங்கிவிடும் குடும்பம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அந்த மரபணு மாற்றம் 2001-இல் தெரியவந்தது.

இத்தனை கடிகாரங்களுக்கும் நேரம் சொல்வது மூளையில் உள்ள தலைமைக் கடிகாரம். அது கண் வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காலை ஏழு மணி வெயிலில் வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தால் ‘விடிந்துவிட்டது’ என்று அதற்குச் சொல்லிவிடுகிறீர்கள். பிறகு தூங்கு என்றால் எப்படித் தூங்கும்? கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் தூக்கக் கலக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு ஓட்ட வேண்டாம். படுக்கையறையை நன்றாக இருட்டாக்குங்கள். ஷிப்டின் கடைசி சில மணி நேரங்களில் டீ, காபி வேண்டாம். கடிகாரப் புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகள் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. மெலடோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். 14 நாளும் ஒரு வேளை விடாமல் போட வேண்டும். வலி ஐந்தாம் நாளே நின்றுவிடும், நிறுத்தத் தோன்றும். அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சும் கிருமிக்கு அந்த ஆன்டிபயாடிக் அடுத்த முறை பலிக்காமல் போகலாம். நம் நாட்டில் மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு ஏற்கனவே அதிகம். சீட்டில் ‘காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்’ என்று இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீங்கள் எழுந்ததும் சாப்பிடும் முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், சுமார் 12 மணி நேரம் கழித்து இன்னொரு சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் போடுங்கள். மெட்ரோனிடசோல் இருந்தால் மது கூடவே கூடாது.

முடித்து நான்கு வாரமாவது கழித்து யூரியா மூச்சுச் சோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுக்கக் கூடாது, எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். வீட்டில் யாருக்காவது வயிற்று வலி, நெஞ்செரிச்சல் இருந்தாலோ குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் வந்திருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைகளில் பிஸ்மத் என்ற மருந்தும் கொடுத்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனாலோ, தலைசுற்றல் வந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, அது புண்ணிலிருந்து வரும் ரத்தமாக இருக்கலாம். அன்று ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.