பிளாக் லயன் வார்ஃப்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஓவியர் விஸ்லரின் 'பிளாக் லயன் வார்ஃப்' (படகுத்துறை) எட்சிங்கை, அதாவது தகட்டில் கீறி அச்செடுத்த படத்தை, ஒரு படத்தொகுப்பில் பார்த்தேன். ஒளியையும் நிறத்தையும் பிடிக்கும் ஓவியப் பாணியான இம்ப்ரெஷனிசம் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஆனால் நிறமே இல்லை. எதிர்க்கரைக் கிடங்குகளின் ஜன்னல்களைக்கூட ஒவ்வொன்றாக வரைந்தவர், முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளையும் படகையும் நாலு கீறலோடு விட்டுவிட்டார். இது அவசரத்தில் முடிக்காமல் விட்ட படமா?

க.

அன்புள்ள க.,

முடித்த படம்தான். விஸ்லர் இதைப் போட்டது 1859இல். இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சிக்கு இன்னும் 15 வருடம் இருந்தது. 1874இல் அந்தக் குழுவின் ஓவியர் டெகா அழைத்தும் அவர் அதில் சேரவில்லை. அந்தத் தலைப்பு அவ்வளவு பொருந்தாது.

ஆனால் உங்களை உறுத்திய இடம் சரியான இடம். கிட்டே இருப்பது தெளிவாக, எட்டத்தில் இருப்பது மங்கலாக என்பதுதான் வழக்கம். விஸ்லர் அதைத் திருப்பிப் போட்டார். ஆற்றோரம் நின்று எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தால் காலடியில் இருப்பவர் எப்படித் தெரிவார்? இப்படித்தான். அந்த ஆளைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். நடுவில் ஆறு ஓடுகிற உணர்வே போய்விடும்.

அவசரம் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எட்சிங்கில் மெழுகு பூசிய செம்புத் தகட்டை ஊசியால் கீறுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் எடுத்தால் படம் இடவலம் மாறி விழும். லண்டனில் தேம்ஸ் கரையில் வாப்பிங் பக்கம் கண்ணால் பார்த்தபடியே அவர் தகட்டில் கீறினார். அதனால் அச்சில் துறை இடவலம் மாறித்தான் இருக்கிறது. ஆனால் கிடங்குச் சுவர்களில் உள்ள பெயர்களைப் பாருங்கள், நேராக வாசிக்க முடிகிறது! அந்த எழுத்துகளை மட்டும் தலைகீழ் வரிசையில், கண்ணாடியில் தெரிவதுபோல் கீறியிருக்கிறார். அவசரக்காரர் செய்கிற வேலையா இது?

அந்தக் கை அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் பழகியது. 1854-55இல் சில மாதம் அங்கே வரைபடத் தகடுகள் கீறினார். கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் உள்ள அனகாபா தீவின் தகட்டில் பறவைக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டவரும் இவர்தான்.

இன்னொன்று. 1871இல் விஸ்லர் தன் தாயை வரைந்த ஓவியம் தெரியும்தானே? அதில் சுவரில் மாட்டியிருப்பது இதே எட்சிங். ஆனால் அங்கே ஒரு பெயர்ப்பலகையையும் படிக்க முடியாது, வெறும் சாம்பல் தீற்றல்கள். அங்கே அவர் கண் தாயின் மேல் இருந்தது.