ஒரு மதிப்பெண்ணில் தவறியவள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் உயர்நிலைப் பள்ளிகள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கு என் மகள் தேர்வு எழுதினாள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது. கட்-ஆஃபில் சரியாக நின்று உள்ளே போன பிள்ளையைவிட இவள் எதில் குறைந்துவிட்டாள்? இதற்குப் பெயர் தகுதியா சார்?

பதில்: எதிலும் குறையவில்லை அம்மா. அதே பிள்ளைகளை உட்கார வைத்து, அதே மாதிரி இன்னொரு வினாத்தாளை ஒரு வாரம் கழித்துக் கொடுத்துப் பாருங்கள், கட்-ஆஃப் கோட்டுக்கு அருகில் இருக்கிறவர்கள் வரிசை தலைகீழாகிவிடும். முதல் நாள் ராத்திரி தூக்கம் வராதது, ஒரு கணக்கில் கழித்தல் குறியைக் கவனிக்காமல் விட்டது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை விடாமல் இருமியது என்று ஒரு மதிப்பெண் போக ஆயிரம் வழி. விறகுக்கடைத் தராசில் தங்கம் நிறுக்கிற கதைதான் இது. விறகுக்கு அது நல்ல தராசு. தொண்ணூறு வாங்கியவளுக்கும் ஐம்பது வாங்கியவளுக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லும், தொண்ணூறுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவில் அது சொல்வதை நம்பக் கூடாது.

இடம் குறைவு, ஆள் அதிகம் என்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. சிங்கப்பூரில் ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் தேர்வில் முன்பு ஒவ்வொரு புள்ளிக்கும் பிள்ளைகளைப் பிரித்து வரிசைப்படுத்தினார்கள். 2021-லிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டுப் படி மட்டும், நான்கு பாடத்துக்கும் கூட்டினால் 4 முதல் 32 வரை ஒரு எண். கடைசி இடத்துக்கு ஒரே எண்ணில் பலர் மோதினால் முதலில் குடியுரிமை, அப்புறம் பள்ளியை எத்தனையாவது விருப்பமாகப் போட்டார்கள் என்பது, அதிலும் தீராவிட்டால் கணினிக் குலுக்கல். அதிர்ஷ்டத்தை அதிர்ஷ்டம் என்றே ஒப்புக்கொள்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் மகளுக்கு நடந்ததும் குலுக்கல்தான், சீட்டில் மட்டும் 'தகுதி' என்று எழுதியிருந்தது.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், பெயர்கூடப் பார்க்காமல் இயந்திரம் திருத்துகிறது. இதைவிட நியாயம் என்ன வேண்டும்? தேர்வைத் திட்டுகிறவர்கள் எல்லாம் அதில் தேறாதவர்கள்தானே?

பதில்: கடைசி வரியை விட்டுவிடுகிறேன். முன்பாதியில் உண்மை இருக்கிறது. சிபாரிசுக் கடிதம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு ஒரு பெரிய துணை, அதை நானும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் தாள் ஒன்றாக இருந்தால் போதுமா? நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் என்ற மூன்று அரசுப் பள்ளிகளுக்கு நுழைவுத் தேர்வு ஒன்றுதான் வழி என்று 1971-இல் மாநிலச் சட்டமே போட்டிருக்கிறார்கள். பள்ளி மதிப்பெண், ஆசிரியர் கருத்து எதுவும் கணக்கில் வராது. 2017-க்கு முன்பு அந்தத் தேர்வில் ஒரு பகுதி இருந்தது. ஒரு பத்தியின் முதல் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, மீதி ஐந்து வாக்கியங்களைக் கலைத்துப் போட்டிருப்பார்கள், சரியான வரிசையில் அடுக்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் அந்தப் பத்திக்கு முழுசாகச் சைபர். எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தராத வித்தை இது. ட்யூஷனில் நூறு பத்தி அடுக்கிப் பார்த்த பிள்ளை 'இது', 'ஆனால்', 'அதன் பிறகு' போன்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று முடித்துவிடும். தேர்வறையில்தான் முதல்முறையாகப் பார்க்கிற பிள்ளை, எவ்வளவு வாசிக்கிற பிள்ளையாக இருந்தாலும், திருதிருவென்று முழிக்கும். இன்னொரு சங்கதி, சரியான விடைகளின் எண்ணிக்கையை இறுதி மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கு நேர்கோடாகப் போகாது, உச்சிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு விடைக்கும் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அதாவது ஆங்கிலம், கணக்கு என்ற இரண்டு பாடத்திலும் நன்றாகச் செய்த பிள்ளையை, ஒன்றில் ஏறக்குறைய முழுசாகவும் மற்றதில் சுமாராகவும் செய்த பிள்ளை முந்திவிடலாம். இது தெரிந்த கோச்சிங் சென்டர் "கணக்கை முழுசாகப் பிடி" என்று சொல்லி அனுப்பும். தெரியாத வீட்டில் "எல்லாவற்றையும் நன்றாகப் படி" என்பார்கள்.

அந்த நகரத்து அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். 2019-இல் ஸ்டைவசன்ட் இடம் கொடுத்த 895 பேரில் கறுப்பினத்தவர் 7 பேர். ஏழு! இதைப் பார்த்துத் தேர்வே சதி என்று சொல்கிறவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் அதே பள்ளிக்குள் புலம்பெயர்ந்து வந்த ஏழை ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ட்யூஷன் கட்டிய வீடுகள் அவை. 2018-இல் மேயராக இருந்த பில் டி பிளாசியோ தேர்வை ஒழித்து, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 சதவீதத்தினரை எடுக்கலாம் என்றபோது அந்தப் பெற்றோர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். சட்டமன்றம் திட்டத்தை ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் ஏழைகள் நின்று சண்டை போட்டதுதான் அதில் கொடுமை.

என் கருத்தைக் கேட்டால், கோளாறு வினாத்தாளைவிட அதற்கு முந்தைய கட்டத்தில்தான் அதிகம். யார் எழுத வருகிறார்கள்? யாருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியும்? ஃபுளோரிடாவில் பிரவர்ட் என்ற மாவட்டம். சிறப்புத் திறன் வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த சிறுவர்களை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தவர்கள், 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பள்ளி நேரத்திலேயே ஒரு முதல்கட்டச் சோதனை வைத்தார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அந்த வகுப்புக்குப் போன கறுப்பினப் பிள்ளைகள் 80 சதவீதமும், லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் 130 சதவீதமும் அதிகரித்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் அதுவரையும் அங்கேதான் இருந்தார்கள், பெயரைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் காசில்லை என்று சோதனையை நிறுத்தினார்கள், எண்ணிக்கை பழையபடி விழுந்தது.

கேள்வி: தேர்வை விட்டுவிட்டு கட்டுரை, நேர்காணல், பிற திறமைகள் என்று முழுப் பிள்ளையையும் பார்த்து எடுக்கலாமே?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு பள்ளியில் (எதுவென்று கேட்காதீர்கள்) சேர்க்கைக் கட்டுரைகளை மதிப்பிட ஒரு நாள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பு, 'நான் சந்தித்த ஒரு சவால்'. மதியத்துக்குள் நாற்பது தாள். மூன்று கட்டுரைகளில் பாட்டி இறந்துபோகிறாள், அந்தத் துக்கத்திலிருந்து பிள்ளை தலைமைப் பண்பைக் கற்றுக்கொள்கிறது, மூன்றிலும் கடைசிப் பத்தி ஏறக்குறைய ஒன்று. ஒரே ட்யூஷன் வாத்தியார் மூன்று பாட்டிகளைக் கொன்றிருக்கிறார். ஒரு பையன் மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தான், தங்கையின் சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அதை மூன்று தடவை கழற்றி மாட்டினானாம். நான் பத்துக்கு ஒன்பது போட்டேன். பக்கத்தில் இருந்தவர் நான்கு போட்டார், "இதில் சமூக நோக்கு எங்கே இருக்கிறது?" என்றார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஆறரை என்று எழுதினோம். அந்த ஆறரைக்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

தேர்வுக்குக் கோச்சிங் உண்டு என்றால் கட்டுரைக்கும் உண்டு, விலைதான் இன்னும் அதிகம். தேர்வில் தோற்ற பிள்ளை விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டுரையில் தோற்ற பிள்ளை யாரைக் கேட்கும்?

கேள்வி: ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இத்தனை பேர் என்று எடுத்தால், கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளையின் இடத்தைப் பிடுங்கிக் கொடுப்பது ஆகாதா?

பதில்: ஆகும் என்றும் சொல்லலாம், ஆகாது என்றும் சொல்லலாம். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் என்ற புகழ்பெற்ற அறிவியல் பள்ளி இருக்கிறது. 2020-இல் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீதம் பேருக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆக இறங்கியது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள், கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2023-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

இதுவரை எல்லோரும் பேசுவது. அதிகம் பேசாதது ஒன்று உண்டு. முந்தைய ஆண்டில் அங்கே சேர்ந்த ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளில் ஏழை வீட்டிலிருந்து வந்தது ஒரே ஒரு பிள்ளை, புது முறை வந்ததும் 51 பேர். 'ஆசியர்கள் இழந்தார்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இந்த ஐம்பத்தொரு பேரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எனக்குச் சரியாகப் படுவது சிகாகோ முறை. அங்கே தேர்வு உண்டு, பள்ளி மதிப்பெண்ணும் உண்டு. 30 சதவீத இடம் வெறும் மதிப்பெண் வரிசைப்படி போகும். மீதி 70-ஐ நான்காகப் பங்கு போட்டு, நகரத்தை வருமானம், பெற்றோர் படிப்பு போன்றவற்றை வைத்து நான்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் போட்டி வைக்கிறார்கள். யாரும் இனத்தைக் கேட்பதில்லை, ஆனால் ஒரே மாதிரிச் சூழலில் வளர்ந்தவர்களோடுதான் பிள்ளை மோதுகிறது. அதிலும் ஓட்டை உண்டு, ஏழைப் பகுதியில் குடியிருக்கும் வசதியான வீட்டுக்கு லாட்டரி அடித்த மாதிரி. இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மகளிருக்கு எங்கும் சலுகை. நுழைவுத் தேர்விலாவது ஆண்-பெண் சமம்தானே?

பதில்: சலுகையா? பிரிட்டனில் பர்மிங்ஹாம் நகராட்சி, தேர்வு வைத்து எடுக்கும் கிராமர் பள்ளிகளில் ஆண்களுக்கு 540 இடமும் பெண்களுக்கு 360 இடமும் வைத்திருந்தது. அதனால் உள்ளே போகப் பெண் பிள்ளைகள் பையன்களைவிட அதிக மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. 1989-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இது பாகுபாடுதான் என்று தீர்ப்புச் சொன்னது. சலுகை யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேசாமல் எல்லோருக்கும் குலுக்கல் போட்டுவிட்டால்?

பதில்: சான் பிரான்சிஸ்கோவில் லோவல் என்ற பள்ளியில் 2021-இல் போட்டுப் பார்த்தார்கள். ஊரே இரண்டுபட்டது. 2022-இல் மறுபடி பழைய முறைக்கே திரும்ப முடிவெடுத்தார்கள். முழுக் குலுக்கல் என்றால் அப்புறம் அந்தப் பள்ளிக்குத் தனிப் பாடத்திட்டம் எதற்கு என்ற கேள்வி வரும், நியாயமான கேள்வி அது. கோட்டுக்கு அருகில் இருக்கிறவர்களுக்கு மட்டும் குலுக்கல் என்றால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

கேள்வி: நியாயம் அநியாயம் இருக்கட்டும். என் பையனைக் கோச்சிங்கில் சேர்க்கவா, வேண்டாமா?

பதில்: பழைய வினாத்தாள்களை வாங்கி, கடிகாரம் வைத்து, வீட்டிலேயே ஐந்தாறு தடவை எழுத வையுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா இல்லையா என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், குறைக்க மாட்டார்கள் என்றால் எதையும் காலியாக விடக் கூடாது. அதற்கு மேலும் காசு மிச்சம் இருந்தால் உங்கள் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டது நான்தான் சார், இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அந்தப் பள்ளி போனதால் அவள் எதிர்காலம் போய்விட்டதா?

பதில்: இதற்கு ஆய்வே இருக்கிறது அம்மா. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இப்படிப்பட்ட பள்ளிகளில் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்று உள்ளே போனவர்களையும், கொஞ்சம் கீழே நின்று வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். 2014-இல் வெளியானது. பின்னால் அவர்கள் எழுதிய தேர்வுகளில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. பள்ளி பிள்ளைகளைக் கெட்டிக்காரர்கள் ஆக்கியது என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி, கெட்டிக்காரப் பிள்ளைகளையே பொறுக்கி எடுத்ததால் வந்த தோற்றம். கோட்டிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்பது வேறு கேள்வி, ஆனால் உங்கள் மகள் நிற்பது சரியாகக் கோட்டின் மேல்தான், இந்த ஆய்வு பார்த்ததும் அவளைப் போன்றவர்களைத்தான்.

அந்த ஒரு மதிப்பெண் எந்தக் கேள்வியில் போனது என்று அவளிடம் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.